அளக்காத பிரஷர்

மழை பிடித்துக்கொண்டதும் கேதீஸ்வரியக்கா ஓட்டோவை வீதியோரம் நிறுத்தி, இரண்டு பக்கமும் தொங்கும் படங்குகளைச் சுருட்டி மேலே கட்டுவார். மற்ற ஓட்டோக்காரர்கள் படங்கை இறக்கிவிடுகிற நேரம் அது. காலையில் அவருடைய ஓட்டோவில்தான் நான் வேலைக்குப் போகிறேன்; தேற்றாத்தீவைத் தாண்டுவதற்குள் என் இடது முழங்கை, சேட்டுப் பை, மடியில் இருக்கும் கந்தோர்ப் பை எல்லாம் நனைந்துவிடும். "அக்கா, சாரல் அடிக்குது" என்றால் கண்ணாடியில் என்னைப் பார்ப்பார். "நீங்க என்ன சீனிக்கட்டியா தம்பி, கரையிறத்துக்கு? கொஞ்சம் காத்து வரட்டும்." அவருடைய நெற்றியில் வழிவது மழையா வேர்வையா என்று எனக்குத் தெரிந்ததில்லை.

செட்டிபாளையம் சந்தியில் ஒன்பது ஓட்டோக்கள் நிற்கும். எட்டை ஆண்கள் ஓட்டுகிறார்கள். பச்சை நிறத்தது கேதீஸ்வரியக்காவுடையது. வயது ஐம்பத்து மூன்று. உயரம் குறைவு, தோள்கள் அகலம். சேலைக்கு மேல் கணவனின் கட்டம் போட்ட நீளக்கைச் சேட்டும் கழுத்தில் ஒரு ஈரத் துவாயும் எப்போதும் இருக்கும். ஹோர்ன் அடிப்பது அவருக்குப் பிடிக்காது. வீதியில் படுத்திருக்கும் மாடுகளை வாயால்தான் எழுப்புவார். "எழும்பு ராசாத்தி, பின்னால பஸ் வருது." மாடுகள் எழும்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஓட்டோ அவருடைய தம்பி கட்டாருக்குப் போனபோது விட்டுவிட்டுப் போனது. யாருக்காவது வாடகைக்குக் கொடுக்கும்படி வீட்டில் சொன்னார்கள். மகள் யசோதினி ஏ.எல். படித்துக்கொண்டிருந்த அந்த வருடம், நாற்பத்திரண்டு வயதில், இவரே ஓட்டப் பழகிக்கொண்டார். கணவர் வினாயகமூர்த்தி வாவியில் வலை போடுகிறவர். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் பேசினால் அதிகம். "இவருக்குத் தோணியத் தவிர வேற ஒண்டும் ஓடத் தெரியா. தோணிக்கு லைசன்ஸ் கேட்டா அதுவும் ஓடமாட்டாரு" என்பார் மனைவி. யசோதினி இப்போது கிரானில் கட்டிக்கொடுக்கப்பட்டு வயல்காரர் வீட்டில் இருக்கிறாள்.

காலையில் ஓட்டோவில் ஏறினால் வானொலியில் மரண அறிவித்தல் போய்க்கொண்டிருக்கும். பாட்டு வைக்கமாட்டார். ஒவ்வொரு பெயரோடும் வயது வருகிறதா என்று காது கொடுப்பார். எண்பத்தெட்டு என்றால், "காணும், ஆண்டு அனுபவிச்சிட்டுப் போயிரிக்கி." அறுபதுக்குக் கீழே என்றால் நாக்கைத் தட்டுவார். "என்ன அவசரம் இந்த மனிசிக்கு?" இதை என்னிடம் கேட்பதில்லை. வானொலிப் பெட்டியிடம் கேட்பார்.

ஆறேழு வருடங்களாக அவருக்கு வெக்கை. சந்தியில் எல்லாருக்கும் அது தெரியும். நின்ற நிலையில் முகம் சிவக்கும், காது சூடாகும், சேட்டின் முதுகு நனைந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு ஐந்து நிமிடத்தில் ஒன்றும் நடக்காதவர் போலிருப்பார். மீன் பெட்டிக்காரரிடம் ஐஸ் துண்டு வாங்கித் துவாயில் முடிந்து பிடரியில் வைத்துக்கொள்வார். ஹாண்டிலுக்குக் கீழே உள்ள சின்னப் பெட்டியில் மிளகாய்த்தூள் கலந்த உப்பு டப்பா ஒன்று இருக்கும். மாங்காய், விளாங்காய், அன்னாசி, எது கைக்கு வந்தாலும் உப்பில் தோய்த்துத்தான் தின்பார். உப்பில்லாமல் தின்பது மாட்டுக்குத்தான் சரி என்பது அவர் கட்சி.

வெக்கை ஏன் வருகிறது என்பதை அவர் என் முன்னால் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. அதற்கு வேறு நாளும் வேறு ஆட்களும் இருந்தார்கள்.

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அவர் என்னை ஏற்றமாட்டார். நான் பஸ்ஸில் போவேன். அன்று இரத்தினம்மாவையும் மார்கிறட் ரீச்சரையும் பிரஷர் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் கொண்டுவரும் நாள். இரத்தினம்மா கச்சான் கடலை வறுத்து விற்கிறவர், வயது அறுபத்தேழு. மார்கிறட் பாலர் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்றவர், வயது ஐம்பத்தொன்பது. இருவரும் உள்ளே நம்பர் எடுத்துக்கொண்டு காத்திருக்கும்போது கேதீஸ்வரியக்கா வெளியே வேப்பமரத்தடியில் ஓட்டோவைக் கழுவுவார்.

"நீயும் ஒருக்கா கையக் குடுத்து அளந்து பாரன்கா" என்று இரத்தினம்மா மாதாமாதம் சொல்வார்.

"அளந்தா இரிக்கும். அளக்காத மட்டும் எனக்குப் பிரஷர் இல்ல."

வெக்கையைப் பற்றிய முடிவு அந்த ஓட்டோவுக்குள்ளேயே எடுக்கப்பட்டுவிட்டது. எடுத்தவர் மார்கிறட். "எனக்கும் நாலு வருசம் இப்பிடித்தான் புள்ள. மாதத்தில வாறது நிண்டிட்டுதெண்டா உடம்பு கொதிக்கும். மறுகா தானா ஆறும். இதுக்கெல்லாம் ஆரும் டொக்டர்ட போறதா?" கேதீஸ்வரியக்காவுக்கு நாற்பத்தாறு வயதில் நின்றிருந்தது. கணக்குச் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு உடம்பில் எது நடந்தாலும் அவர் அந்தக் கணக்கிலேயே போட்டார். நடு இரவில் நித்திரை கலைவதையும், இடுப்புப் பருத்ததையும், படபடப்பையும்.

போன மாரியில் இன்னும் சில சேர்ந்தன. வாவிக்கரையிலிருந்து மீன் கூடையோடு மணலில் ஏறி வரும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்செடுக்க வேண்டியிருந்தது. கீழ்த்தாடை உளைந்தது. பல் என்று நினைத்துக் கராம்பு கடித்தார். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் யாரோ கட்டைவிரலால் அழுத்திப் பிடித்த மாதிரி ஒரு பாரம். சந்தியில் உள்ள பாமசிக்குப் போய், "வாய்வு பிடிச்சிரிக்கி" என்று தானே சொல்லி, வாய்வுக்குக் குளிசை வாங்கிப் போட்டார். பிறகொரு நாள் என்னிடம் சொன்னார்: "நெஞ்சு நோகல்ல தம்பி. நெஞ்சு நொந்திருந்தா எனக்கும் புத்தி வந்திரிக்கும். படத்தில எல்லாம் ஆம்புளையள் நெஞ்சத்தானே பிடிச்சிட்டு விழுறாங்க."

அந்த மாரியிலேயே ஒரு கிளினிக் செவ்வாய்க்கிழமை நடந்ததை நான் பலரிடம் கேட்டேன். ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். எல்லாரும் ஒத்துக்கொண்டதை மட்டும் எழுதுகிறேன்.

காலை ஏழரை மணி. மழை விட்டிருந்தது. மாங்காட்டு வளைவைத் தாண்டியதும் கேதீஸ்வரியக்கா சிக்னல் போட்டு, முறையாக ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தினார். பின்னால் இருந்த இருவரும் மாடு என்று நினைத்தார்கள். மாடு இல்லை. அவர் ஹாண்டிலில் நெற்றியை வைத்துக் குனிந்திருந்தார். சேட்டு முழுவதும் நனைந்திருந்தது.

"உன்ட வெக்கையா புள்ள?" என்று மார்கிறட் தன் கிளினிக் கொப்பியால் விசிறத் தொடங்கினார். "ஒண்டுமில்ல. இப்ப போயிரும்."

"ஓம்... போயிரும்" என்றார் கேதீஸ்வரியக்கா. சொல்லி முடிக்க மூச்சுக் காணவில்லை.

இரத்தினம்மா பின் சீற்றில் இருந்தபடியே கையை நீட்டி அவர் பிடரியைத் தொட்டார். தொட்ட கையை எடுக்கவில்லை. "ரீச்சர், விசிறுறத நிப்பாட்டுங்க. இது வெக்கை இல்ல. உடம்பு பச்சத் தண்ணியாக் குளுந்து கிடக்கு."

இருவருக்கும் ஓட்டோ ஓட்டத் தெரியாது. இரத்தினம்மா நடுவீதிக்குப் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார். முதலில் வந்த கார் விலத்திக்கொண்டு போனது. இரண்டாவதாக வந்தது, வீடு வீடாகப் பேக்கரிச் சாமான் விற்கும் பாண் ஓட்டோ. பின்னால் கண்ணாடிப் பெட்டி நிறைய பாணும் பணிசுமாக, ஒலிபெருக்கியில் மெட்டுப் போட்டுக்கொண்டு, காத்தான்குடி அஸ்பாக் வந்துகொண்டிருந்தார். அவர் தினமும் அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் வருகிறவர்.

"என்னக்கா நடந்த?"

"இவவுக்கு ஏலா. கெதியா ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அஸ்பாக்கின் வண்டியில் ஆள் இருக்க இடமில்லை, முழுவதும் பாண். அவர் ஒரு விநாடிதான் யோசித்தார். தன் வண்டியை ஓரத்தில் விட்டு, திறப்பை மார்கிறட்டின் கையில் கொடுத்தார். "ரீச்சர், பாணப் பாத்துக்கங்க." கேதீஸ்வரியக்காவை முன் சீற்றிலிருந்து தூக்கிப் பின்னால் இரத்தினம்மாவோடு சாய்த்துவிட்டு, பச்சை ஓட்டோவின் ஹாண்டிலைப் பிடித்தார்.

பதினொரு வருடத்தில் கேதீஸ்வரியக்கா தன் வண்டியின் பின் சீற்றில் இருந்தது அன்றுதான். கண்ணை மூடியபடி, இரத்தினம்மாவின் மடியில் தலை வைத்தபடி, களுதாவளையில் ஒரு தடவை வாய் திறந்திருக்கிறார். "செக்கண்ட்ல இழுக்காத தம்பி. மூண்டுக்கு மாத்து." அஸ்பாக் மாற்றினார். அதை அஸ்பாக்தான் எனக்குச் சொன்னார். "அவ வாய் திறந்து பறஞ்சோண்ணதான் எனக்கு உசிர் வந்த" என்றார்.

மார்கிறட் மாங்காட்டில் தனியே நின்றார். மெட்டை நிறுத்தும் சுவிச்சு எது என்று அவருக்குத் தெரியவில்லை. சத்தம் கேட்டு வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து வரிசையில் நின்றார்கள். அழுதுகொண்டே பாண் விற்றிருக்கிறார். அஸ்பாக் திரும்பி வந்தபோது மீன் வைத்த மாலுபணிஸ் ஒன்றுகூட மிச்சமில்லை. மார்கிறட் கண்ணாடிப் பெட்டியில் சாய்ந்துகொண்டு, "நான்தான் ஒண்டுமில்லயெண்டு சொன்னன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். மாரடைப்பு. பிரஷர் மேலே நூற்றெண்பதைத் தாண்டி நின்றது. மருந்து ஏற்றி, அம்புலன்சில் மட்டக்களப்பு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வினாயகமூர்த்தி வாவியிலிருந்து ஈரச் சாரத்தோடே அங்கு வந்து சேர்ந்தார். யசோதினி கிரானிலிருந்து வந்தாள். கேதீஸ்வரியக்கா பிழைத்துக்கொண்டார். சரியான நேரத்துக்குக் கொண்டுவந்ததால் என்று டொக்டர்கள் சொன்னார்களாம்.

நான் நான்காம் நாள் வார்டுக்குப் போனேன். அப்போது அவருடைய கட்டிலருகே ஒரு பெண் டொக்டர் நின்றுகொண்டிருந்தார். பேச்சில் யாழ்ப்பாணம் தெரிந்தது, வயது முப்பதுக்கு மேல் இராது. நான் விலகிப்போக எழும்பினேன். கேதீஸ்வரியக்கா கையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

"எத்தினை வயதில அம்மா மாதவிடாய் நிண்டது?"

"நாப்பத்தாறு." என்னைப் பார்க்கவில்லை. ஆனால் குரலைத் தாழ்த்தவும் இல்லை.

"பிள்ளை வயித்தில இருக்கேக்க பிரஷர் இருந்ததோ?"

"இரிந்தது. கால் எல்லாம் வீங்கி, கடைசி மாசம் வார்டிலதான் கிடந்தன். மகள் பிறந்தோண்ண அது போயிட்டு."

"போகேல்லை அம்மா. ஒளிச்சிருந்தது. அப்பிடி வந்த ஆக்களுக்குப் பிறகு திரும்ப வாறது கூட. ஒவ்வொரு வருசமும் அளந்திருக்க வேணும்."

"அதுக்கு இவ்வளவு காலம் எங்க ஒளிச்சிரிந்தது?"

டொக்டர் கட்டிலின் ஓரத்தில் இருந்துகொண்டார். பெண்களின் உடம்பில் சுரக்கும் ஈஸ்ட்ரஜன் என்ற ஓமோன் பிள்ளைப்பேற்றுக்கு மட்டுமானது அல்ல என்று சொன்னார். இரத்தக் குழாயின் சுவரை இளக்கமாக வைத்திருப்பதற்கும் அது உதவுகிறது. மாதவிடாய் நிற்கும்போது அது குறைந்துவிடும். குழாய் விறைக்கும். கெட்ட கொழுப்புக் கூடும். சதை இடுப்பிலும் வயிற்றிலும் போய்ச் சேரும். சின்ன வயதில் தின்ற அதே உப்பு இப்போது பிரஷரைக் கூடுதலாக ஏற்றும். அந்தப் பிரஷரை எதிர்த்து வருடக்கணக்காக அடித்து அடித்து நெஞ்சு களைக்கும். "வெக்கையும் வேர்வையும் அந்த ஓமோன் குறையிறதாலதான் வாறது. அது உண்மைதான். ஆனா எல்லா வேர்வையும் அது இல்லை அம்மா. தாடை உளையிறது, முதுகு பாரம், நடக்கேக்க மூச்சு வாங்கிறது, இதெல்லாம் நெஞ்சு சொல்லுற கதை. கனக்கப் பொம்பிளையளுக்கு நெஞ்சு இப்பிடித்தான் சொல்லும்."

கேதீஸ்வரியக்கா மேலே சுழலும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஓட்டோக்காரரின் கேள்வியைக் கேட்டார். "அப்ப குறைஞ்சத திருப்பி ஊத்தேலாதா? அந்த ஓமோனக் குளிசையாத் தாங்களன்."

"வெக்கை தாங்கேலாமல் இருக்கிற சிலருக்கு, எல்லாம் பார்த்து யோசிச்சுக் குடுக்கிறது. நெஞ்சைக் காப்பாத்த எண்டு அதைக் குடுக்கிறேல்லை. உங்களுக்கு இனி அது சரிவராது. பிரஷர்க் குளிசை, கொழுப்புக் குளிசை, உப்பைக் குறைக்கிறது, நடக்கிறது. அதுதான் உங்களுக்கு."

டொக்டர் போன பிறகு அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "உடம்பு சொல்லித்தான் இரிக்கி தம்பி. நான்தான் எல்லாத்துக்கும் ஒரே பேர வெச்சிட்டு இரிந்திட்டன்."

இரண்டரை மாதம் வீட்டில் இருந்தார். ஓட்டோ பலாமரத்தடியில் நின்றது. வினாயகமூர்த்தி தினமும் விடிய வாவியிலிருந்து வந்ததும் அதைத் துடைத்து, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, பக்கத்தில் குந்தியிருந்து கேட்டுவிட்டு நிறுத்துவார். ஓட்டத் தெரியாது என்பதால் அதற்கு மேல் ஒன்றும் செய்யமாட்டார். உப்பு டப்பாவை எறிந்தவரும் அவர்தான். கேட்காமல் எறிந்தார். கேதீஸ்வரியக்கா இரண்டு நாள் பேசவில்லை. "சோறு வைக்கோலாட்டம் இரிக்கி" என்று அண்டை அயலுக்கெல்லாம் சொன்னார். ஆனாலும் தின்றார். மார்கிறட் ஒவ்வொரு ஞாயிறும் கோயில் முடிந்து வந்து, முதல் மூன்று வாரம் மன்னிப்புக் கேட்டார். நான்காவது வாரம் கேதீஸ்வரியக்கா ஏசினார். "ரீச்சர், நீங்க சொன்னது அரைவாசி சரிதானே. மத்த அரைவாசி உங்களுக்கும் தெரியா, எனக்கும் தெரியா. பறையாம இரிங்க."

மாசி முடிவில் டொக்டரின் அனுமதியோடு சந்திக்குத் திரும்பினார். காலையில் மட்டும் ஓடுவார், கிட்டத்து ஹயர்தான். முதல் நாள் மற்ற ஓட்டோக்காரர்கள் சுற்றி நின்று சுகம் விசாரித்தார்கள். "என்னக்கா, திடீரெண்டு எப்பிடி வந்தது?" என்று ஒருவர் கேட்டார். மரியாதைக்குக் கேட்ட கேள்வி.

கேதீஸ்வரியக்கா முழுப் பதிலையும் சொன்னார். எந்த வயதில் நின்றது, என்ன குறைந்தது, எது விறைத்தது, எது வேர்த்தது, எல்லாம். மரக்கறிக் கடைக்குக் கேட்கும் சத்தத்தில் சொன்னார். ஒருவர் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். இன்னொருவர் டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். வரிசையில் மூத்தவரான நல்லரத்தினம் எழும்பி, தேத்தண்ணிக் கடைப் பக்கம் போய்விட்டார். "ஏன் ஓடுறீங்க? உங்கட வீடுகளில பொம்புளையள் இல்லயா?" என்று பின்னால் கத்தினார் கேதீஸ்வரியக்கா. அன்றிலிருந்து அவருடைய ஓட்டோவைச் சுற்றி ஒரு கூச்சம் வந்து நின்றது. முன்னர் அவரோடு சேர்ந்து நின்று கதைத்தவர்கள்கூட ஒரு வண்டி தள்ளியே நின்றார்கள். அவருக்கு அது தெரிந்திருந்தது. "என்னோட கதைக்காட்டிப் போகட்டும்" என்றார் ஒரு நாள். ஆனால் அன்று மாடுகளிடம்கூட அவர் பேசவில்லை.

போன வியாழக்கிழமை நான் ஏறி இருந்துவிட்டேன், அவர் ஸ்டார்ட் பண்ணப் போனார். அப்போது நல்லரத்தினம் தன் வண்டியிலிருந்து இறங்கி வந்து, என் பக்கம் பார்க்காமல், முன்பக்கக் கண்ணாடிக்கு அருகே குனிந்தார். ஓட்டோவில் ஏதோ ஸ்குரூவைச் சரிபார்ப்பவர் போல.

"தங்கச்சி, அண்டைக்கு நீ சொன்ன கதை..."

"என்ன?"

"ஜெனிற்றாவுக்கு ஒரு மாசமா ஒரே வேர்வை. முதுகு நோகுதெண்டு படுக்கிறா. கிணத்தடிக்குப் போயிட்டு வந்தா இளைக்குது." ஜெனிற்றா அவருடைய மனைவி.

"அளந்து பாத்ததா?"

"கூப்பிட்டன். வரமாட்டாவாம். பொம்புளையள்ற விசயத்த ஆஸ்பத்திரியில போய்ச் சொல்ல வெக்கமாம். உனக்கு என்ன தெரியும், போ எண்டு என்னத்தான் ஏசுறா."

கேதீஸ்வரியக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "தம்பி, கந்தோருக்குக் கொஞ்சம் பிந்தினா ஏசுவாங்களா?" நான் பதில் சொல்வதற்குள் ஓட்டோ கடற்கரை வீதிக்குத் திரும்பிவிட்டது. நல்லரத்தினத்தின் ஓட்டோ பின்னால் வந்தது.

நல்லரத்தினத்தின் வீடு வீதியிலிருந்து சற்று உள்ளே. ஜெனிற்றா குசினிப் படியில் சுளகால் விசிறிக்கொண்டு இருந்தார். இரண்டு ஓட்டோக்களைக் கண்டதும் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். கேதீஸ்வரியக்கா எஞ்சினை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு, கூப்பிடாமலே குசினி வாசலால் ஏறினார். நல்லரத்தினம் அவர் பின்னாலேயே வேகமாகப் போனார்.

படியில் நின்று திரும்பிய கேதீஸ்வரியக்கா, "நீங்க நிண்டா அவ வாய் திறக்கமாட்டா" என்று நிலையில் கையை நீட்டி அவரை மறித்து, கதவை உள்ளே இழுத்துச் சாத்திக் கொண்டியைப் போட்டார்.